ஷிப்ட் மாறும் அந்தப் பத்து நிமிடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நூற்பாலையில் உற்பத்தி குறைந்தால் மெஷினைப் பார்க்கிறார்கள், பஞ்சைப் பார்க்கிறார்கள், ஆட்களைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். ஒரு ஷிப்ட் போய் அடுத்த ஷிப்ட் வருகிற நேரத்தை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. நாள் முழுக்க ஓடும் ஆலையில் தினமும் மூன்று முறை வேலை கைமாறுகிறது. அப்போது சொல்லாமல் விட்டது என்ன செய்யும் என்று பாருங்கள்.

நூல் நூற்கும் ஒரு ரிங் ஃப்ரேமை மாலை ஷிப்டில் 40 கவுண்ட் (நூலின் நயத்தைக் குறிக்கும் எண்) கார்டட் நூலிலிருந்து, கூடுதலாகச் சீவிய பஞ்சில் வரும் 40 கோம்ப்டுக்கு மாற்றுகிறார்கள். ரகத்துக்கு ஒரு நிறப் பாபின் (நூல் சுற்றும் குழல்) என்பது ஆலைகளில் உள்ள வழக்கம். புது நிறம் போதாமல், கடைசி டாஃபில் (நிறைந்த பாபின்களை எடுத்து வெற்றுப் பாபின் போடும் சுற்றில்) கார்டடுக்கான பழைய சிவப்பு நிறத்தைக் கொஞ்சம் போட்டுவிட்டார்கள். இரவு ஷிப்டுக்கு இதைச் சொல்லவில்லை. அந்தப் பாபின்கள், நூலைப் பெரிய கோன்களாகச் சுற்றும் ஆட்டோகோனரில் கார்டட் நூலோடு சேர்ந்து ஒரே கோனில் சுற்றிக்கொள்ளும். கவுண்ட் மாறியிருந்தால் நூலின் குறையைக் கண்டு வெட்டும் கிளியரர் பிடித்திருக்கும். கவுண்ட் ஒன்றே என்பதால் விட்டுவிடும். பேக்கிங்கில் யுவி விளக்கின் கீழ் பிடிபட்டால் உண்டு. இல்லையென்றால் திருப்பூரில் நிட்டிங் முடிந்து சாயம் ஏறிய பிறகு, துணியின் குறுக்கே பட்டை பட்டையாகத் தெரியும். நூல் விலை, நிட்டிங் கூலி, சாயக் கூலி மூன்றும் ஆலையின் தலையில் விழும். 'இந்த ஃப்ரேமில் கடைசி டாஃப், சிவப்புப் பாபினிலும் கோம்ப்டு இருக்கு' என்ற ஒரு வரி போதும், இத்தனையும் நடந்திருக்காது.

கைமாற்றுவது மெஷின் பக்கத்தில் நின்று நடக்க வேண்டும், கேட்டிலோ டீக்கடையிலோ அல்ல. போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து ஒரு சுற்று நடந்தால் ஏழெட்டு நிமிடம் ஆகும். 'ஓடுது', 'பார்த்தாச்சு', 'சரி பண்ணியாச்சு' இவை மூன்றும் தகவலே இல்லை. '4-ஆம் ஃப்ரேம், இடது பக்கம், 12-ஆவது ஸ்பிண்டில் டேப் அறுந்தது. ஸ்டோரில் டேப் இல்லை, காலை 9 மணிக்கு வரும். அதுவரை அந்த 4 ஸ்பிண்டிலும் நிறுத்தம், காலை ஷிப்ட் ஃபிட்டர் மாட்ட வேண்டும்' என்பதுதான் தகவல் (ஸ்பிண்டில் என்பது பாபினைச் சுழற்றும் தண்டு; ஒரு டேப் நான்கைச் சுழற்றும்). எந்த இடம், என்ன ஆனது, என்ன செய்தோம், என்ன பாக்கி, யார் முடிக்க வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கிறது. அதைக் கேட்டவர் தன் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும். ரிங் ஃப்ரேம் இரைச்சலில் ஏழு எட்டாகக் கேட்கும்; எண்ணை விரலால் காட்டிச் சொல்வது வெட்கப்பட வேண்டிய விஷயமல்ல. ஒடிசா, பிகார், அசாமிலிருந்து வந்த தம்பிகள் வேலை செய்யும் இடத்தில் தமிழில் எழுதிய லாக் புத்தகம் பாதிதான் பயன்படும். மெஷின் எண்களை அச்சிட்டு, டிக் போடக் கட்டம் வைத்தால் எல்லோருக்கும் புரியும்.

வாட்ஸ்அப் குழுவில் வாய்ஸ் மெசேஜ் போட்டுவிட்டுப் போவது இப்போது பெருகிவிட்டது. பதிலுக்கு வரும் கட்டைவிரல், செய்தி வந்ததைத்தான் சொல்லும், புரிந்ததைச் சொல்லாது. பல ஆலைகளில் உள்ளே போன் கொண்டுபோகவே அனுமதியில்லை. கேட்க வேண்டியவர் அதைக் கேட்பது மறுநாள்தான்.

ரிப்பேர் பாதியில் நிற்கும்போது இன்னும் கவனம் வேண்டும். பஞ்சைச் சீவும் கார்டிங் மெஷினை நிறுத்திய பிறகும் சிலிண்டர் சில நிமிடம் தானாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். மின்சாரத்தை யாரும் போட்டுவிடாதபடி பிரேக்கரில் போட்ட பூட்டை, போட்ட ஃபிட்டரேதான் கழற்ற வேண்டும். அதுவும் அடுத்த ஷிப்ட் ஃபிட்டர் தன் பூட்டைப் போட்ட பிறகு. 1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை எரிந்து 167 பேர் இறந்தார்கள். ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வு ரிப்பேருக்காகக் கழற்றப்பட்டிருந்தது இரவு ஷிப்டுக்குத் தெரியவில்லை. அந்தப் பம்பை ஓட்டிவிட்டார்கள்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் சொல்லாமல் விடுகிறார்கள்? ஆட்களின் அலட்சியம் என்பது பாதி உண்மைகூட இல்லை. ஷிப்டுக்கு ஷிப்ட் உற்பத்தியை ஒப்பிட்டு இன்சென்டிவ் கொடுக்கும் இடத்தில், கடைசி ஒரு மணி நேரத்தில் கிரீலில் (ஃப்ரேமின் மேல் தாங்கியில்) தீரப்போகும் ரோவிங்கை (நூலாக முறுக்கப்போகும் தடித்த இழையை) மாற்றினால் தன் கணக்கு குறையும் என்று விட்டுவிட்டுப் போவார்கள். அடுத்த ஷிப்ட் வந்த அரை மணியில் ரோவிங் வரிசையாகத் தீரும், இழை அறுந்துகொண்டே இருக்கும். அந்த ஷிப்டும் இரவில் அதையே திருப்பிச் செய்யும். இன்சென்டிவை மெஷினின் முழு நாள் உற்பத்திக்குக் கணக்கிட்டால் மறைப்பதற்குக் காரணமே இருக்காது. குறையைச் சொன்னவரிடமே 'நீ ஏன் விட்டே?' என்று முதல் கேள்வி கேட்கும் சூப்பர்வைசரிடம் இரண்டாவது முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

இரண்டு ஷிப்டும் சேர்ந்து நின்று கைமாற்ற விடாததற்கு நிர்வாகங்கள் ஒரு காரணம் சொல்வதுண்டு: ஷிப்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வரக்கூடாது என்பது சட்டம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 58-ஆவது பிரிவு அப்படித்தான் சொன்னது. அது தடுத்தது, ஒரே வேலையில் இரண்டு செட் தொழிலாளர்கள் ஒரே நேரத்தில் ஈடுபடுவதை. மேற்பார்வைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு 64-ஆவது பிரிவு விலக்குக்கு வழி வைத்திருந்தது. ஆகவே ஷிப்ட் பொறுப்பாளர்கள் கால் மணி நேரம் முன்னதாக வந்து சேர்ந்து நடக்கலாம். அந்தக் கால் மணிக்கும் சம்பளம் கணக்கிட வேண்டும். இலவசமாகக் கேட்டால் ஒரு வாரம் நடக்கும், எட்டாம் நாள் பழையபடி கேட்டிலேயே கையசைத்துவிட்டுப் போவார்கள்.

இப்படிக்கு,
நூற்பாலை ஷிப்ட் பொறுப்பாளர்கள் சிலர்,
திண்டுக்கல்