'லேட்' போடாத பெயர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் "என்னப்பா, குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டாய். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

சின்னத் தாத்தா கிடைத்துவிட்டார். உயிரோடு இருக்கிறார், கண்ணு.

எங்கள் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு சின்ன வயதில் நீ கேட்டது ஞாபகம் இருக்கிறதா? "தங்கள் நல்வரவை எதிர்பார்க்கும்" என்பதற்குக் கீழே தாத்தா பெயர், அதற்குப் பக்கத்தில் அவர் தம்பி பெயர். "இவர் யாருப்பா, நான் பார்த்ததே இல்லையே?" என்றாய். 1995-இல் அந்தப் பத்திரிகை அச்சுக்குப் போனபோது எனக்கும் தாத்தாவுக்கும் பெரிய சண்டை. இருபத்தெட்டு வருடமாகத் தகவலே இல்லாதவர். பெயரைப் போடுவதானால் 'லேட்' சேர்த்துப் போடுங்கள், பெண் வீட்டார் கேட்டால் என்ன சொல்வது என்று கத்தினேன். தாத்தா கோபப்படவில்லை. "செத்ததை நீ பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். 2003-இல் அவர் கண் மூடும் வரை அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

பழைய கதை கொஞ்சம் உனக்குத் தெரியும். பர்மாவில் மோல்மேன் ஊரில் நம் கொள்ளுத்தாத்தா மளிகைக் கடை வைத்திருந்தார். 1962-இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964 மார்ச், ஏப்ரலில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். இரண்டே மாதத்தில் கடையும் போய், சேர்த்து வைத்த காசும் காகிதமாகிவிட்டது. அந்த அதிர்ச்சியிலேயே கொள்ளுத்தாத்தா போய்ச் சேர்ந்தார். 1965-இல் அண்ணனும் தம்பியும் மட்டும் கப்பலேறி மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். தாத்தாவுக்கு 22, தம்பிக்கு 17.

சின்னத் தாத்தாவுக்கு இந்த ஊர் ஒட்டவே இல்லையாம். பிறந்து வளர்ந்த இடம் அது, கூட்டாளிகள் எல்லாம் அங்கே. இங்கே அகதி முகாமில் தகரக் கூரை, தண்ணீருக்கு வரிசை, 'பர்மாக்காரன்' என்ற பட்டப்பெயர். 1967-இல் ஒரு கூட்டத்தோடு சேர்ந்து தரை வழியாகவே திரும்பிப் போகக் கிளம்பிவிட்டார். இம்பாலிலிருந்து ஒரு இன்லாண்டு லெட்டர் வந்தது. "நாளை மறுநாள் எல்லை தாண்டுகிறோம். ஊர் போய்ச் சேர்ந்ததும் எழுதுகிறேன்." அவ்வளவுதான், அப்புறம் ஒரு வரி கிடையாது.

அந்த லெட்டரை நம்பித்தான் தாத்தா காலம் பூராவும் பர்மாவிலேயே தேடினார். 1969-இல் பர்மா பஜார் வந்தபோது அவருக்கும் ஒரு கடை கிடைத்தது. அந்தப் பக்கத்திலிருந்து யார் வந்தாலும் முதலில் தம்பியைப் பற்றித்தான் விசாரிப்பார், அப்புறம்தான் வியாபாரம். நீகூட இரண்டு வருடத்துக்கு முன்னால் இணையத்தில் தேடினாய். குடும்பப் பெயர் என்ன என்று கேட்டது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியல்தான், அதுவும் தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிடும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ சாப்பிடப் போயிருந்தேன். கடைக்காரர் கையாலேயே நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாம் போட்டுப் பிசைந்து, பக்கத்தில் வாழைத்தண்டு சூப்பை வைத்தார். அருகில் நின்றவர் அவரோடு பர்மீஸில் பேசிக்கொண்டிருந்தார். எந்த ஊர் என்று கேட்டேன். மணிப்பூரில் பர்மா எல்லையோரம் மோரே, 2023 கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்துவிட்டோம் என்றார். அங்கே எப்படித் தமிழர்கள் என்றேன். "எங்க பெரியவங்க எல்லாம் பர்மாவுக்குத் திரும்பிப் போகக் கிளம்பினவங்க சார். அந்தப் பக்கம் விடல. இந்தப் பக்கம் திரும்பவும் மனசு வரல. எல்லையிலேயே தங்கிட்டாங்க" என்றார்.

கையில் தட்டு ஆடியது. இத்தனை வருடத்தில் எங்களுக்கு அது தோன்றவே இல்லையே! எல்லை தாண்டியிருப்பார் என்றேதான் எல்லோரும் நினைத்தோம். தாத்தா பெயரையும் ஊரையும் சொன்னேன். அவர் அங்கேயே நின்று நாலைந்து பேருக்கு போன் போட்டார். மோரேயில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கிறது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியுமாம்.

மறுநாள் காலை பத்தரைக்கு ஒரு அழைப்பு. எடுத்ததும் ஒரு ஆண் குரல், சிவகங்கைப் பக்கம் நம் குலதெய்வக் கோயில் பெயரைச் சொல்லி, "நீங்க அந்தக் கோயில் பங்காளியா?" என்று கேட்டது. ஆமாம் என்றேன். நீங்க யார் என்றேன். அவர் என் பெயரைச் சொன்னார். என்னைக் கூப்பிடுகிறார் என்று நினைத்து "சொல்லுங்க" என்றேன். "இல்லண்ணே, அது என் பேரு" என்றார்.

புரிகிறதா பாப்பா? கொள்ளுத்தாத்தா பெயரைத் தாத்தா எனக்கு வைத்தார். ரெண்டாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் அதே பெயரைத் தம்பியும் தன் மகனுக்கு வைத்திருக்கிறார்.

அப்புறம் போனைச் சின்னத் தாத்தாவிடம் கொடுத்தார்கள். முதல் வார்த்தை "அண்ணன் இருக்கானா?" என்றுதான். சொன்னேன். வெகுநேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. எல்லையில் திருப்பி அனுப்பிய பிறகு முகாம் விலாசத்துக்கு மூன்று கடிதம் போட்டாராம். மூன்றும் விலாசதாரர் இல்லை என்று திரும்பி வந்துவிட்டன. அதற்குள் தாத்தா வியாசர்பாடிக்குக் குடி மாறிவிட்டார். சொல்லாமல் கிளம்பியதில் அண்ணனுக்குக் கோபம், அதனால்தான் வாங்க மறுக்கிறான் என்று இவர் நினைத்துக்கொண்டார். பத்திரிகையில் பெயர் போட்ட விஷயத்தைச் சொன்னதும், திரும்பத் திரும்ப அதையே சொல்லச் சொன்னார். நாலு தடவை சொன்னேன். அண்ணன் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லு என்றார். "செத்ததை நீ பாத்தியா?" என்று சொன்னதும் உடைந்துவிட்டார். நானும்தான்.

தை மாதம் உன் தம்பி கல்யாணத்துக்குச் சின்னத் தாத்தா வருகிறார். மகன் இம்பாலிலிருந்து விமானத்தில் கூட்டி வருகிறார். ஆண்டர்சன் தெருக் கடையில் பத்திரிகை ப்ரூஃப் கொடுத்துவிட்டார்கள், உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். தாத்தா பெயருக்கு முன்னால் 'அமரர்' இருக்கும், அதற்குப் பக்கத்தில் சின்னத் தாத்தா பெயர். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று நன்றாகப் பார்த்துச் சொல்லு, புதன்கிழமை அச்சுக்குப் போகிறது.

அவர் நம்பரும் அனுப்பியிருக்கிறேன். உன்னைப் பற்றி நிறையக் கேட்டார். நம்ம ஊர் காலை பத்து மணிக்கு மேல் கூப்பிடு. வலது காது கேட்காது, கொஞ்சம் சத்தமாகப் பேசு. முதலில் உன் தாத்தா பெயரைச் சொல்லி, அவர் பேத்தி பேசுகிறேன் என்று சொல்லு.

அன்புடன்,
அப்பா
வியாசர்பாடி, சென்னை