பசங்க கருத்து கணக்குல வராதா?

ஆசிரியருக்கு வணக்கம். பத்திரிகை சுதந்திரம் பத்தி டீன் ஏஜ் பசங்களுக்கு அக்கறையே இல்லன்னு ஆளாளுக்கு புலம்புறாங்க, சரி, அவங்க எழுதுறத என்னைக்காவது முழுசா அச்சுல வர விட்டிருக்கோமா? அமெரிக்காவுல ஹேசல்வுட் ஸ்கூல் பசங்க தங்களோட ஸ்கூல் பத்திரிகையில டீன் ஏஜ் கர்ப்பம், அப்பா அம்மா டைவர்ஸ்னு எழுதினாங்க, பிரின்சிபால் ரெண்டு பக்கத்தை அப்படியே தூக்கிட்டாரு, கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 1988ல ஸ்கூலுக்கு சாதகமா தீர்ப்பு வந்துச்சு. இத்தனைக்கும் வியட்நாம் போரை எதிர்த்து கையில கறுப்புப் பட்டை கட்டின பசங்களோட பேச்சுரிமை ஸ்கூல் கேட்டோட முடிஞ்சிடாதுன்னு 1969ல சொன்னதும் இதே கோர்ட்தான்!

எழுதினா வெட்டுவாங்கன்னு 15 வயசுலயே பழகினவன்கிட்ட போயி, செய்தியை அரசாங்கம் பாத்து ஓகே பண்ணின அப்புறம் போடலாமான்னு கேட்டா "அதுக்கென்ன இப்போ"ன்னுதான் சொல்லுவான், அது திமிர் இல்லீங்க, நாம கத்துக்குடுத்தது. ஓட்டு இல்லாத வயசுதான், ஆனா அவங்கள பாதிக்கிற விஷயத்துல அவங்க கருத்துக்கு மதிப்பு குடுக்கணும்னு 1989 ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையோட 12வது பிரிவே சொல்லுது (அமெரிக்கா இன்னும் அதை ஏத்துக்கல, அது வேற கதை).

உங்க பேப்பர்லயே மாசம் ஒரு பக்கம் பசங்களுக்கு குடுங்களேன். தப்பு இருந்தா திருத்துங்க, தூக்கிடாதீங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்