மெக்ரிச்சியில் கல்லறை, எஸ்பிளனேடில் நினைவுச் சின்னம்

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். அத்தையின் முழங்கால் வலி இப்போது தேவலையா?

சிங்கப்பூருக்கு வரும்போது எங்கெல்லாம் போகலாம் என்று கேட்டிருந்தீர்கள். முஸ்தபா கடைக்கும் செந்தோசாத் தீவுக்கும் பிள்ளைகள் கூட்டிப்போய்விடுவார்கள். காலமெல்லாம் வரலாறு நடத்தியவர் நீங்கள். உங்களுக்கு நான் காட்ட நினைப்பது லிம் போ செங்கின் கல்லறை.

சீனாவில் 1909-ல் பிறந்து பதினாறு வயதில் இங்கு வந்தவர், வணிகர். ஜப்பானியர் ஆட்சியில் பிரிட்டிஷாரின் ‘ஃபோர்ஸ் 136’ என்ற ரகசியப் படைக்காக மலாயாக் காட்டில் உளவு வலை பின்னினார். 1944 மார்ச்சில் மலாயாவின் பேராக் மாநிலத்தில் பிடிபட்டார். எவ்வளவு சித்திரவதை செய்தும் கூட்டாளிகளின் பெயரைச் சொல்லவில்லை. ஜூன் 29-ல் அங்கே ‘பத்து காஜா’ என்ற ஊரின் சிறையில் வயிற்றுக்கடுப்பு கண்டு இறந்தார், வயது 35. மேஜர் ஜெனரல் பட்டம் இறந்த பிறகு சீனத் தேசியவாத அரசு கொடுத்தது. பலரும் அதை பிரிட்டிஷார் கொடுத்ததாக நினைக்கிறார்கள்.

சிறையருகே புதைத்திருந்த உடலை அவர் மனைவி போய் மீட்டுவந்தார். 1946 ஜனவரி 13-ல் முழு ராணுவ மரியாதையுடன் மெக்ரிச்சி நீர்த்தேக்கக் கரையில் அடக்கம் செய்தார்கள். எஸ்பிளனேடு பூங்காவில் இருப்பது நினைவுச் சின்னம் மட்டும்தான். அங்கேயே கல்லறையும் இருக்கிறது என்று எண்ணி, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. முதலில் மெக்ரிச்சிக்குப் போவோம், மாமா. எனக்கு அதுதான் பெரிது.

கால்டிகாட் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் போதும். காலை எட்டு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும், அப்புறம் புழுக்கம் தாங்காது. பிடிமானமுள்ள செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். மழை பெய்திருந்தால் மரநிழலில் பாசி வழுக்கும். பிளாஸ்டிக் பையைக் கையில் தூக்கிப்போகக் கூடாது. பை கண்ணில் பட்டாலே குரங்கு சாப்பாடு என்று பிடுங்கவரும். இரக்கப்பட்டுப் பழம் கொடுத்தாலோ, முதல் தடவைக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம்.

வெயில் தணிந்ததும் எஸ்பிளனேடு. சிட்டி ஹால் எம்ஆர்டியிலிருந்து நடக்கிற தூரம்தான். சின்னம் 3.6 மீட்டர் உயரத்தில் எண்கோண வடிவம், மேலே மூன்றடுக்கு வெண்கலக் கூரை, பளிங்கு அடித்தளம், காவலுக்கு நான்கு வெண்கலச் சிங்கங்கள். வடிவமைத்தவர் இங் கெங் சியாங். திறந்தது லிம் போ செங் இறந்து பத்தாண்டு நிறைந்த நாளில், 1954-ல். அவர் வாழ்க்கையை நான்கு வெண்கலப் பலகைகளில் எழுதியிருக்கிறார்கள்: ஆங்கிலம், சீனம், ஜாவி (அரபு எழுத்தில் எழுதும் மலாய்), தமிழ். சுற்றிவந்து நம் எழுத்துள்ள பக்கத்தில் நில்லுங்கள். ஒரு சீன வீரனுடைய கதையைத் தமிழனும் படிக்க வேண்டும் என்று 1954-லேயே நினைத்திருக்கிறார்கள். அந்தப் பலகைக்கு முன்னால் நின்றால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். உச்சிவெயிலில் வெண்கலம் கண்ணைக் கூசவைக்கும், எழுத்து தெரியாது. அதனால்தான் மாலை நேரம் சொல்கிறேன்.

அதே பூங்காவில் இந்திய தேசிய ராணுவத்தின் நினைவிடக் குறியீடும் இருக்கிறது. 1945 ஜூலை 8-ல் நேதாஜி அடிக்கல் நாட்டிய தூணை, பிரிட்டிஷார் திரும்பிவந்ததும் மவுண்ட்பேட்டன் உத்தரவில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த இடத்தில் 1995-ல் குறியீடு வைத்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் தமிழர் எத்தனையோ பேர் அந்தப் படையில் சேர்ந்தவர்கள். லிம் போ செங் ஜப்பானியரை எதிர்த்து உயிர்விட்டவர். நம்மவர்கள் ஜப்பானியரோடு நின்று பிரிட்டிஷாரை எதிர்த்தவர்கள். இரண்டு தரப்பையும் ஒரே புல்வெளியில் வைத்திருக்கிறது இந்த ஊர். நீங்கள் பாடம் நடத்தியபோது இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னதில்லை. அங்கே உட்கார்ந்து உங்களிடம் கேட்க எனக்கு நிறைய இருக்கிறது.

டிசம்பர், ஜனவரியில் மழை விடாது. பயணத்தை மார்ச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்