பிளஸ் ஒன் பிரிவுகளின் பட்டியலைச் சேர்க்கைக்கு முன்பே வெளியிட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் மே மாதத்தில் தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றியும் மாவட்டங்களின் தரவரிசையைப் பற்றியும் நாளிதழ்கள் விரிவாக எழுதுகின்றன. முடிவு வந்த கையோடு பிளஸ் ஒன் சேர்க்கை தொடங்கிவிடுகிறது. அப்போது அரசு மேல்நிலைப் பள்ளிக்கு வரும் பெற்றோர், அங்கே என்னென்ன குரூப், அதாவது பாடப்பிரிவு, இருக்கிறது என்பதைத் தலைமையாசிரியரின் அறை வாசலில்தான் தெரிந்துகொள்கிறார்கள். அந்த இடத்திலேயே பிள்ளையின் அடுத்த பத்தாண்டுகளையும் தீர்மானித்துவிட்டுத் திரும்புகிறார்கள். இது அதிகம் பேசப்படுவதில்லை. முதுகலை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், சேர்க்கைக் குழுவில் பலமுறை உட்கார்ந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது, கல்லூரிகளில் இருந்த புகுமுக வகுப்பின் இடத்தில் பள்ளிகளிலேயே பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகள் வந்தன. கல்லூரிக்குப் போக வழியில்லாத ஊர்ப் பிள்ளைகளுக்கு அது பெரிய வாய்ப்பாக அமைந்தது என்பதில் ஐயமில்லை. தமிழ், ஆங்கிலம் ஆகிய இரண்டு மொழிப்பாடங்களோடு நான்கு முதன்மைப் பாடங்கள் கொண்ட ஒரு பிரிவை மாணவர் தேர்ந்தெடுக்கலாம் என்பது ஏட்டில் உள்ள ஏற்பாடு. நடைமுறையில் பிரிவைத் தேர்ந்தெடுப்பது பணியிடப் பட்டியல்தான். உயர்நிலைப் பள்ளியைத் தரம் உயர்த்தும்போது எந்தெந்தப் பாடத்துக்கு முதுகலை ஆசிரியர் பணியிடம் ஒப்பளிக்கப்பட்டதோ அந்தப் பாடங்களை வைத்தே பிரிவுகள் அமைகின்றன. பிறகு அந்த ஊரில் என்ன மாறினாலும் அந்தப் பட்டியல் எளிதில் மாறுவதில்லை.

ஒரு சேர்க்கை நாளில், ஐந்நூறுக்கு நானூறுக்கு மேல் எடுத்த ஒரு மாணவியை அவளுடைய தந்தை அழைத்து வந்திருந்தார். பெண் உயிரியல் கேட்டாள். அந்தப் பள்ளியில் கணிதத்தோடு கணினி அறிவியல் சேர்ந்த பிரிவும் வணிகவியல் பிரிவும் மட்டுமே இருந்தன. உயிரியல் உள்ள அடுத்த அரசுப் பள்ளிக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். "கம்ப்யூட்டரே போட்டுருங்க சார், பக்கத்துல இருந்தாப் போதும்" என்றார் தந்தை. மாணவி ஒன்றும் பேசவில்லை. மாணவருக்கு இலவசப் பயண அட்டை உண்டு, பதினொன்றாம் வகுப்பில் விலையில்லா மிதிவண்டியும் உண்டு. ஆனால் காலை ஒன்பது மணிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் பேருந்து எல்லா ஊருக்கும் இல்லை, எல்லாத் தொலைவையும் மிதித்துக் கடக்கவும் முடியாது.

வசதி சற்று இருக்கும் பெற்றோர் அந்த இடத்தில் வேறொரு முடிவு எடுக்கிறார்கள். மாறுதல் சான்றிதழை வாங்கிக்கொண்டு, கடனை உடனை வாங்கியாவது தனியார் பள்ளியில் சேர்த்துவிடுகிறார்கள். அந்த முடிவின் முழு விலை அப்போது அவர்களுக்குத் தெரிவதில்லை. மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் கொண்டுவரப்பட்ட 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும், 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம், மீன்வளம் ஆகிய படிப்புகளுக்குக் கொண்டுவரப்பட்ட அதே அளவு ஒதுக்கீடும் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே உரியவை. இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்பவருக்குக் கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. உயர்கல்வியில் சேரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும், மாணவருக்கு அதே தொகை தரும் தமிழ்ப் புதல்வன் திட்டமும்கூட இடையில் தனியார் பள்ளிக்கு மாறியவர்களுக்குக் கிடைப்பதில்லை. பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து, வேண்டிய பிரிவு இல்லாத ஒரே காரணத்தால் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு வெளியே போகும் பிள்ளை இவை அத்தனையையும் இழக்கிறது. பிரிவைத் தராததும் அரசு, தராததால் வெளியேறியவரின் உரிமையை நீக்குவதும் அரசு. இதில் உள்ள அநீதியை அதிகாரிகளிடம் எடுத்துச் சொன்னபோதெல்லாம் "விதி அப்படித்தான்" என்ற பதிலே எனக்குக் கிடைத்தது.

பிரிவு இருக்கும் பள்ளிகளிலும் ஆசிரியர் இருக்கிறாரா என்பது வேறு கேள்வி. உயிரியல் ஒரே பாடம் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அதில் உயிரி-தாவரவியல், உயிரி-விலங்கியல் என்று இரண்டு புத்தகங்கள் உண்டு. இரண்டையும் அந்தந்தப் பாடத்தில் பட்டம் பெற்ற இரண்டு ஆசிரியர்கள் நடத்த வேண்டும். தாவரவியல் ஆசிரியர் இருந்து விலங்கியல் பணியிடம் காலியாகக் கிடந்தால், பாதிப் பாடத்தை மாணவர்கள் தாங்களாகப் படித்துக்கொள்கிறார்கள், அல்லது தாவரவியல் ஆசிரியரே இரண்டையும் இழுத்துப் போட்டுக்கொண்டு நடத்துகிறார். நீட் தேர்வின் 180 வினாக்களில் 90 உயிரியலிலிருந்து வருகின்றன. மனித உடலியங்கியல் முழுவதும் விலங்கியல் புத்தகத்தில் இருக்கிறது. சேர்க்கைப் பட்டியலில் மட்டும் 'உயிரியல் பிரிவு உண்டு' என்றே எழுதியிருக்கும். பணியிட மாறுதல் கலந்தாய்வு சேர்க்கையை ஒட்டியோ அதற்குப் பிறகோ நடக்கும் ஆண்டுகளில் நிலைமை இன்னும் மோசம்: ஆசிரியரை நம்பிப் பிரிவு எடுத்த மாணவர் அங்கேயே இருப்பார், ஆசிரியர் வேறு மாவட்டத்தில் இருப்பார். தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியரை நியமித்துக்கொள்ளலாம் என்ற அனுமதி வரவேற்கத்தக்கதே. ஆனால் இயற்பியல், வேதியியல் போன்ற பாடங்களுக்கு அந்த ஊதியத்தில் உள்ளூரில் ஆள் கிடைப்பது அரிது.

கடந்த சில ஆண்டுகளாகப் பிளஸ் ஒன் வகுப்புக்கும் பொதுத்தேர்வு இருந்ததால், ஆசிரியர் இல்லாத குறை அந்த ஆண்டு முடிவிலேயே வெளியில் தெரிந்தது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி அந்தத் தேர்வு நீக்கப்பட்டிருக்கிறது. மாணவர்களின் சுமை குறைந்தது நல்லதே. நானும் அதை ஆதரிக்கிறேன். ஆயினும், இனி ஒரு பாடத்துக்கு ஓராண்டு முழுவதும் ஆசிரியர் இல்லாவிட்டால் அது பிளஸ் டூ முடிவு வரும்வரை எந்தக் கணக்கிலும் தென்படாது என்பதையும் துறை நினைவில் கொள்ள வேண்டும்.

தொழிற்கல்விப் பிரிவின் கதை இதைவிட வருத்தமானது. மேல்நிலைக் கல்வியோடு சேர்த்தே தொடங்கப்பட்ட இந்தப் பிரிவில் வேளாண் அறிவியல், அடிப்படை இயந்திரவியல், அடிப்படை மின் பொறியியல், செவிலியம், அலுவலக மேலாண்மை போன்ற பாடங்கள் உள்ளன. பொறியியல் கலந்தாய்விலும் வேளாண்மைப் பல்கலைக்கழகச் சேர்க்கையிலும் இந்த மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடே இருக்கிறது. அப்படியிருந்தும், தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்றதும் அந்த இடம் நிரப்பப்படாமல், ஓரிரு ஆண்டுகளில் பிரிவே மூடப்படுவது பல பள்ளிகளில் நடந்திருக்கிறது. கடைசல் எந்திரம் துருப்பிடித்துப் பூட்டிய அறைக்குள் கிடக்க, அதே பள்ளி மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தேவை என்று சுற்றறிக்கை வருவதைப் பார்த்திருக்கிறேன். 'நான் முதல்வன்' போன்ற அரசின் திறன் பயிற்சித் திட்டங்களில் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை இந்தப் பணியிடங்களிலும் காட்டலாம்.

வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல், புவியியல் சேர்ந்த கலைப் பிரிவைப் பற்றியும் ஒரு சொல். மதிப்பெண் குறைந்தவர்களை ஒதுக்கிவைக்கும் இடமாகவே பல பள்ளிகள் அதை நடத்துகின்றன. அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் பொது அறிவுத் தாளில் பெரும்பகுதி இந்தப் பாடங்கள்தாம் என்பதைப் பெற்றோரிடம் எடுத்துச் சொல்வதற்குக்கூடச் சேர்க்கை மேசையில் ஆள் இருப்பதில்லை.

ஒவ்வொரு பள்ளியிலும் எல்லாப் பிரிவும் வேண்டும் என்று கேட்கும் அளவுக்கு நான் நடைமுறை அறியாதவன் அல்லன். ஓர் ஒன்றியத்துக்குள் இருக்கும் அரசு மேல்நிலைப் பள்ளிகளை ஒரே தொகுப்பாகக் கருதி, அவற்றில் ஏதேனும் ஒன்றிலாவது உயிரியல், கணினி அறிவியல், வணிகவியல், கலை, தொழிற்கல்வி ஆகிய ஐந்தும் இருப்பதை முதன்மைக் கல்வி அலுவலர் உறுதி செய்யலாம். அந்தப் பள்ளிக்குப் பள்ளி நேரத்தில் பேருந்து விடும்படி போக்குவரத்துக் கழகத்தைக் கேட்கலாம். அதுவரையில், செலவே இல்லாத ஒரு வேலையை உடனே செய்ய முடியும். எந்தப் பள்ளியில் எந்தப் பிரிவு, எத்தனை இடம், எந்தப் பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறார், எந்த இடம் காலி என்ற விவரம் அனைத்தும் துறையின் எமிஸ் (கல்வி மேலாண்மைத் தகவல் அமைப்பு) தளத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. அதை ஒன்றியவாரியாகத் தொகுத்து, ஏப்ரல் மாதத்திலேயே, பத்தாம் வகுப்பு நடக்கும் ஒவ்வோர் அரசுப் பள்ளியின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டும்படியும், 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கான நிபந்தனையை அதே தாளில் தமிழில் தெளிவாக அச்சிடும்படியும் பள்ளிக் கல்வித் துறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.