வாசகர் வட்டம்: 2025ஆம் ஆண்டின் செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வட்டத்து நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கம்போல இரண்டாம் ஞாயிறுகளில் கூடினோம். மழையால் தள்ளிப்போன கூட்டத்தை அடுத்த வாரமே நடத்தி முடித்தோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். வட்டத்தின் நூல்களை எடுத்துச் சென்றவர்கள் தயவுசெய்து திருப்பித் தரவேண்டும் என்று சென்ற ஆண்டு அறிக்கையில் கேட்டிருந்தேன். அந்த வாக்கியத்தை மாற்றத் தேவை ஏற்படவில்லை.

ஜேன் ஆஸ்டின் பிறந்து டிசம்பர் 16ஆம் தேதியோடு 250 ஆண்டுகள் ஆயின. அதையொட்டி அவருடைய ஆறு நாவல்களையும் படிக்கலாம் என்பதுதான் செயற்குழுவின் முதல் யோசனை. ஒரே ஆசிரியர் என்றால் ஆடி மாதத்துக்குள் கூட்டம் கரைந்துவிடும் என்று சிலர் பயந்தார்கள். கடைசியில், ஆண் மணக்கக் கேட்கப் பெண் முதலில் மறுத்துவிடும் ஆங்கில நாவல்களாகப் பொறுக்கினோம். சொத்தும் தொழிலும் வாக்கும் இல்லாத அக்காலப் பெண்ணுக்குத் திருமண விஷயத்தில் உறுதியாகக் கையிலிருந்த ஒரே அதிகாரம் அந்த மறுப்புதான் என்பது என் கருத்து. ஆண்டு முழுக்க நடந்த வாதங்களை அந்தக் கோணத்திலேயே பதிவு செய்திருக்கிறேன். ஆட்சேபம் உள்ளவர்கள் கேள்வி நேரத்தில் எழுப்பலாம்.

அதிக நேரம் எடுத்துக்கொண்டது 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்'. 1796-97இல் 'ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன்ஸ்' என்ற பெயரில் இதன் முதல் வடிவத்தை ஆஸ்டின் எழுதினார். பாதிரியாரான அவர் தந்தை, அந்தக் கைப்பிரதியைப் பார்க்க விருப்பமா என்று லண்டன் பதிப்பாளர் ஒருவருக்கு 1797இல் கடிதம் போட்டார். அடுத்த தபாலிலேயே 'வேண்டாம்' என்று பதில் வந்தது. 1813 ஜனவரியில்தான் நூல் வெளிவந்தது. உரிமையை மொத்தமாக 110 பவுனுக்கு ஆஸ்டின் விற்றிருந்ததால், பிறகு நூல் நன்றாக விற்றும் அவருக்கு மேற்கொண்டு எதுவும் கிடைக்கவில்லை.

வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற நம் மூத்த உறுப்பினர் நாவலின் பணக் கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அதுதான் அன்றைய கூட்டத்துக்கே சூடு ஏற்றியது. நாயகி எலிசபெத் பென்னட்டின் தந்தைக்கு ஆண்டு வருமானம் 2,000 பவுன். மகன் இல்லாததால், அவருக்குப் பின் பண்ணையும் வீடும் உறவினரான காலின்ஸுக்குப் போய்விடும். எலிசபெத்துக்கு வரப்போவது, அதுவும் தாயின் காலத்துக்குப் பிறகு, 1,000 பவுன். நான்கு சதவீத வட்டியில் ஆண்டுக்கு 40. இந்த நிலையில் காலின்ஸ் கேட்கிறான், மறுக்கிறாள். பிறகு ஆண்டுக்கு 10,000 பவுன் வரும் டார்சி கேட்கிறான், அவனையும் மறுக்கிறாள். "இந்தப் பெண்ணுக்கு யாராவது புத்தி சொல்லியிருக்க வேண்டாமா?" என்றார். கல்லூரியில் படிக்கும் நம் இளம் உறுப்பினர் உடனே எழுந்து, "கணக்கு சரிதான் ஐயா. ஆனால் அந்தக் காலின்ஸோடு தினமும் உட்கார்ந்து சாப்பிடப்போவது நீங்கள் இல்லையே" என்றார். மூத்தவர்தான் முதலில் சிரித்தார்.

அந்தக் காலின்ஸை மணந்துகொள்ளும் ஷார்லட் லூகஸுக்காகப் பேச ஆள் இருக்காது என்று நினைத்திருந்தேன். பெண் உறுப்பினர்களில் பாதிப் பேர் அவள் பக்கம் நின்றார்கள். வயது 27, கையில் பணமில்லை, அழகி என்று பேரும் இல்லை. அவள் கேட்பது ஒரு வீடு. கணவனின் அறை சாலையைப் பார்த்த பக்கம் இருக்க, தான் புழங்கும் அறையை வீட்டின் பின்பக்கம் அமைத்துக்கொள்கிறாள். தோட்ட வேலை உடம்புக்கு நல்லது என்று சொல்லிச் சொல்லியே அவனை வெளியே அனுப்பி வைக்கிறாள். ஒரு திருமணத்தின் நிலையை ஆஸ்டின் இந்த இரண்டு ஏற்பாடுகளிலேயே சொல்லிவிடுகிறார்.

நடன அரங்கில் டார்சி, தன்னை ஆடத் தூண்டும் அளவுக்கு இவள் அழகில்லை என்று எலிசபெத்தின் காதில் விழும்படியே சொல்லிவிடுகிறான். அவன் கர்வத்தைக்கூட மன்னித்துவிடலாம், அது என் கர்வத்தைப் புண்படுத்தாமல் இருந்திருந்தால், என்று பிறகு அவள் சொல்கிறாள். அவளுடைய கோபத்தில் நியாயம் எவ்வளவு, ரோஷம் எவ்வளவு என்று பிரிக்கப் பார்த்தோம், முடியவில்லை. டார்சி தனக்குத் துரோகம் செய்ததாக விக்கம் என்ற இளம் ராணுவ அதிகாரி சொன்ன கதையை, அவன் இனிமையாகப் பேசியதாலேயே அவள் நம்பிவிட்டாள் என்பதில் மட்டும் எல்லோருக்கும் உடன்பாடு.

டார்சியை மறுத்த எலிசபெத் கடைசியில் அவனையே ஏற்கிறாள். அவள் மனம் எங்கே மாறியது என்பதில்தான் பெரிய சண்டை. டார்சியின் பெம்பர்லி மாளிகையைப் பார்த்ததும் மாறிவிட்டது என்பது ஒரு கட்சி. இது புதிய கட்சி அல்ல. அக்கால நாவலாசிரியர் வால்டர் ஸ்காட், ஆஸ்டினின் 'எம்மா' நாவலுக்கு எழுதிய மதிப்புரையில், அந்த அழகான மாளிகையையும் நிலத்தையும் காணும் வரை தான் செய்தது மடத்தனம் என்று அவளுக்குத் தெரியவில்லை என்று குத்தியிருக்கிறார். எலிசபெத்தும் தன் அக்காவிடம் அப்படித்தான் சொல்கிறாள், ஆனால் கேலியாக. என் எண்ணம் வேறு. முதலில், விக்கம் பற்றிய உண்மையைச் சொல்லும் டார்சியின் கடிதம் வருகிறது. திரும்பத் திரும்பப் படித்து, இந்தக் கணம் வரை என்னை நானே அறிந்திருக்கவில்லை என்கிறாள். அப்போது பெம்பர்லியை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அங்கே போன பிறகும் அவளை நிறுத்தி யோசிக்க வைப்பது வீட்டுக்காரியம் பார்க்கும் ரெனால்ட்ஸ் அம்மாளின் பேச்சு. நாலு வயதிலிருந்து பார்க்கிறேன், ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை என்கிறார் அவர். அந்த வீட்டில் சம்பளம் வாங்குகிறவர் வேறென்ன சொல்வார் என்று மூத்த உறுப்பினர் கேட்டதையும் குறிப்பேட்டில் பதிந்திருக்கிறேன்.

அடுத்து 'பெர்சுவேஷன்', ஆஸ்டின் இறந்தபின் 1817 டிசம்பரில் வெளிவந்தது. ஆன் எலியட்டுக்கும் 27 வயதுதான். எட்டு ஆண்டுகளுக்கு முன், கையில் காசில்லாத கடற்படை அதிகாரி வென்ட்வொர்த்துக்குக் கொடுத்த சம்மதத்தைப் பெரியவர்கள் பேச்சைக் கேட்டுத் திரும்பப் பெற்றவள். இப்போது 25,000 பவுன் சம்பாதித்துக்கொண்டு அவன் வருகிறான். அடையாளமே தெரியாத அளவுக்கு அவள் மாறிவிட்டாள் என்று அவன் சொன்னது அவள் காதுக்கு வருகிறது. நாங்கள் அதிகம் பேசியது கடைசிப் பகுதியை. 1808இலேயே, சில ஆயிரம் பவுன் சேர்ந்து கப்பலும் கிடைத்தபோது, கடிதம் எழுதியிருந்தால் ஏற்றிருப்பாயா என்று கேட்கிறான். ஏற்றிருப்பேன் என்கிறாள். மறுபடி கேட்கக் கர்வம் இடம் கொடுக்கவில்லை, ஆறு ஆண்டுகள் வீணாகப் போயின என்று அவனே ஒப்புக்கொள்கிறான். டார்சியின் கர்வத்தைவிட இது எனக்குப் பெரிதாகப் பட்டது. டார்சியின் திமிரைச் சபையே பார்த்தது. இவனுடையதை எவரும் பார்க்கவில்லை, அதனால் யாரும் கண்டிக்கவும் இல்லை.

எலிசபெத் காஸ்கெலின் 'நார்த் அண்ட் சவுத்' (1855) பலருக்குப் புதிது. வடக்கத்திய ஆலை நகருக்குக் குடிவந்த தென் இங்கிலாந்துக்காரியான மார்கரெட் ஹேலிடம் ஆலை முதலாளி தார்ன்டன் விடைபெறும்போது கை நீட்டுகிறான். அந்த ஊர்ப் பழக்கம் தெரியாத அவள் தலையை மட்டும் தாழ்த்துகிறாள். திமிர்பிடித்தவள் என்று அவன் முடிவு கட்டிவிடுகிறான். வேலைநிறுத்தக் கலவரத்தில் அவனைக் காக்க முன்னால் நின்று கல்லடி படுகிறாள், அதைக் காதல் என்று எண்ணி மறுநாள் வந்து கேட்கிறான், மறுக்கிறாள். இறுதியில் நொடித்துப்போன அவனுக்கு, வங்கியில் இரண்டரை சதவீத வட்டிக்குச் சும்மா கிடக்கும் 18,057 பவுனைக் கடனாகத் தர அவள் முன்வருவதில்தான் காதல் வெளிப்படுகிறது. மூத்த உறுப்பினர் அந்த ஆண்டிலேயே நிறைவாகக் காணப்பட்டது அன்றுதான்.

தாமஸ் ஹார்டியின் 'ஃபார் ஃப்ரம் தி மேடிங் க்ரவுட்' கூட்டத்துக்கு வருகை குறைவு, முகூர்த்த நாள். நாயகி பாத்ஷேபாவுக்காகச் சுங்கச்சாவடியில் இரண்டு பென்னி கொடுக்கும், பின்னால் அவளைக் கேட்டு மறுக்கப்படும் கேப்ரியல் ஓக்குக்கு ஒரு நன்றிகூடக் கிடைப்பதில்லை என்பதோடு கலைந்தோம்.

ஜார்ஜ் எலியட்டின் 'மிடில்மார்ச்' நம் விதிக்கு விலக்காகச் சேர்க்கப்பட்டது. அதில் டோரதியா தன்னைவிட மிக மூத்த பண்டிதரான காசபானுக்கு உடனே சம்மதம் சொல்லிவிட்டு வருந்துகிறாள். விளையாட்டுப்பிள்ளையாக நாம் நினைக்கும் தங்கை சீலியாவுக்கு அந்த ஆளின் முகத்து மச்சங்களும் அவர் சூப் குடிக்கும் விதமும் ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. அவள் கண்தான் சரியாகப் பார்த்தது. முதல் பார்வையை நம்பக்கூடாது என்று ஆண்டு முழுக்கப் பேசிய எங்களுக்கு இதற்குப் பதில் இல்லை.

வரும் ஆண்டுக்கு ரஷ்ய நாவல்கள், நீண்ட விடுப்பு என இரண்டு முன்மொழிவுகள் வந்துள்ளன; இரண்டும் வாக்கெடுப்புக்கு விடப்படும். வாடகை வாங்காமல் மாடியைத் தந்தவருக்கும், தேநீர்ப் பொறுப்பைச் சுமந்த உறுப்பினர்களுக்கும் வட்டத்தின் நன்றி. இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்