உர்க் ஊருக்கு ஞாயிற்றுக்கிழமை பஸ் விடாதீர்கள்

ஐரோப்பியப் பயணம் நடத்தும் தமிழ்ச் சுற்றுலா அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். போன கோடையில் உங்களில் ஒருவர் நடத்திய பயணத்தில் நெதர்லாந்தின் உர்க் என்ற மீன்பிடி ஊரைப் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வதே அதிகம். போய்ச் சேர்ந்தது ஞாயிற்றுக்கிழமை. கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. ஊரே குடும்பம் குடும்பமாகத் தேவாலயத்துக்கு நடந்துகொண்டிருந்தது. நம் ஆட்கள் அவர்கள் முகத்துக்கு நேரே போனை நீட்டினார்கள். இருபது நிமிடத்தில், "இங்கே ஒன்றும் இல்லை, ஏறுங்கள்" என்றார் வழிகாட்டி.

சரி, ஒன்றும் இல்லையா என்று பார்த்துவிடலாம் என, ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் மகனைக் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை மறுபடி போனேன்.

உர்க் 1939 வரை ஒரு தீவு. 1932இல் டச்சுக்காரர்கள் 32 கிலோமீட்டர் நீள அணை கட்டிக் கடலையே அடைத்துவிட்டார்கள். உப்புநீர் நன்னீரானது, ஹெர்ரிங்கும் நெத்திலியும் போயின. 1939இல் இன்னொரு அணைக்கரை தீவை நிலத்தோடு சேர்த்தது. 1942இல் நிலப் பக்கம் இருந்த கடல் வற்றி வயலானது. மீனவர்கள் இனி உழுது பிழைப்பார்கள் என்றுதான் பலரும் நினைத்தார்கள். இவர்களோ பெரிய படகு வாங்கிக்கொண்டு வட கடலுக்குப் போய்விட்டார்கள். இன்றும் பல படகுகள் ஹார்லிங்கன் போன்ற வேறு துறைமுகங்களில் நிற்கின்றன. ஆட்கள் வார இறுதிக்கு வேனில் வீடு வருகிறார்கள், மீன் லாரியில் உர்க் ஏலக்கூடத்துக்கு வருகிறது. அந்த மீன்களில் விலை உயர்ந்த ஒன்றுக்கு டச்சில் 'டோங்', அதாவது நாக்கு. நம்மூர் நாக்கு மீனின் உறவுதான். இதைச் சொன்னால் உங்கள் பஸ்ஸில் பாதிப் பேர் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்துக் கரையில் நின்றால் தண்ணீரில் ஒரு பாறை தெரியும். உர்க் குழந்தைகள் அதற்குள்ளிருந்துதான் வருகின்றன, அப்பா படகு வலித்துப் போய்க் கொண்டுவருவார் என்று பிள்ளைகளுக்குக் கதை சொல்வார்களாம். தவிட்டுக்கு வாங்கிய கதை நமக்கு, பாறைக் கதை அவர்களுக்கு.

ஆனால் நேரம் ஒதுக்க வேண்டிய இடம் மீனவர் நினைவிடம். 1968இல் யூலியானா அரசி திறந்துவைத்தது. காற்றில் பாவாடை பறக்க, கடலைத் திரும்பிப் பார்க்கும் ஒரு பெண்ணின் சிலை. சுற்றிலும் பலகைகளில், கடலில் போனவர்களின் பெயரும் வயதும். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வருகிறது. வயதைப் பார்த்துக்கொண்டே போனால் மீசை முளைக்காத பையன்களும் இருக்கிறார்கள். என் மகன் படிப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தண்ணீரைப் பார்த்தபடி நின்றான். அங்கே ஒரு குழுவை அரை மணி நேரமாவது விடுங்கள். செல்ஃபிக்கு வேறு இடம் காட்டுங்கள்.

சுற்றுலாப் பயணிகள் குவியும் வோலன்டாம் என்ற இன்னொரு மீன்பிடி ஊரில் பாரம்பரிய உடை போட்டுப் படம் எடுத்துக்கொள்வது தனிக்கதை. உர்க் அதற்கான ஊர் இல்லை, சொந்தப் பிழைப்பைப் பார்க்கும் ஊர். ரயில் கிடையாது, கோடையில் அக்கரை ஊரான என்க்ஹைசனிலிருந்து படகு உண்டு, முடிந்தால் அதில் கூட்டிப்போங்கள். துறைமுகத்தில் சூடாகப் பொரித்த மீனும், புகையில் வாட்டிய விலாங்கும் கிடைக்கும். காற்று ஆளைத் தள்ளும், ஜூலையிலும் ஸ்வெட்டர் எடுத்துவரச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பஸ்ஸில் கடைசி சீட்டில் இருந்தவன்