தண்டவாளத்தைத் தேடி வந்த சேறு

ஏகாம்பரகுப்பம்,
மாசி மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. பதில் போடாததற்குச் சோம்பேறித்தனம் காரணமில்லை, என் கணுக்கால்தான் காரணம். அந்தக் கதை பின்னால் வரும். வாட்ஸ்அப்பில் அத்தனை படம் அனுப்பினேன், நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியதோடு சரி. பாலக்காட்டு ஒலவக்கோட்டுக்குப் போனபின் மலையாளிகளைப் போல வார்த்தையை எண்ணிச் செலவழிக்கக் கற்றுக்கொண்டாய் போலிருக்கிறது.

ஊரில் எல்லாரும் நலம். மாமரத்தில் பூ நன்றாகப் பிடித்திருக்கிறது. காய் நிற்பது பனி விலகுவதைப் பொறுத்தது, கிளிமூக்குக்கு என்ன விலை கிடைக்கும் என்பது ஃபேக்டரிக்காரனுக்கே வெளிச்சம். விசைத்தறி சத்தம் எப்போதும் போல விடியற்காலையிலேயே தொடங்கிவிடுகிறது. இரண்டு மாதம் அது இல்லாமல் அமெரிக்காவில் தூக்கமே வரவில்லை என்றால் நம்புவாயா?

கலிபோர்னியாவில் சான் டியேகோ நகரத்து மகன் வீட்டில் கடல் பார்த்தோம், கோயில் பார்த்தோம், கடைகடையாக ஏறி இறங்கினோம். மூன்றாவது வாரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவனே கேட்டான். "அப்பா, ரயில்வேயைப் படாத பாடு படுத்தின சேறு ஒன்று பாலைவனத்தில் இருக்கிறது, பார்க்கலாமா?" கேட்பானேன்! மறுநாள் விடியுமுன் நான் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன்.

மலையைத் தாண்டி இறங்கினால் வெறும் பொட்டல். நடுநடுவே கால்வாய் பாயும் இடம் மட்டும் பச்சை. கலிபாட்ரியா என்று ஒரு சின்ன ஊரில் 184 அடி உயரத்துக்கு ஒரு கொடிக்கம்பம் நட்டிருக்கிறார்கள். எதற்கு அவ்வளவு உயரம் என்கிறாய்? ஊர் கடல் மட்டத்துக்கு அவ்வளவு கீழே இருக்கிறது. கொடியாவது கடல் மட்டத்தில் பறக்கட்டும் என்று அந்த ஏற்பாடு. நம் ஸ்டேஷன் மஞ்சள் போர்டில் ஊர்ப் பெயருக்கு அடியில் கடல் மட்டத்துக்கு மேலே இத்தனை மீட்டர் என்று எழுதியிருக்குமே, இந்த ஊருக்கு மைனஸ் போட்டல்லவா எழுத வேண்டும் என்றேன். மகன் சிரிக்கவில்லை. நீ பக்கத்தில் இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

அந்தப் பள்ளத்தில் கிடக்கிற சால்டன் ஏரியே ஒரு விபத்தின் மிச்சம். 1905இல் கொலராடோ ஆற்றிலிருந்து பாசனத்துக்கு வெட்டிய கால்வாயை வெள்ளம் உடைத்துக்கொண்டு, ஆறு மொத்தமும் திரும்பி இந்தப் பள்ளத்துக்குள் பாய்ந்தது. சதர்ன் பசிபிக் ரயில்வேயின் லைன் முழுகி, தண்ணீர் ஏற ஏறத் தண்டவாளத்தைப் பிரித்து மேலே மேலே மாற்றிப் போட்டார்கள். கடைசியில் ரயில்வேக்காரர்களே உடைப்பின் குறுக்கே மரப்பாலம் கட்டி, வேகன் வேகனாகக் கல் கொட்டி, 1907 பிப்ரவரியில் அடைத்தார்கள். இன்ஜினீயர் பட்டாளத்தை விட வேகனும் கல்லும்தான் அந்த வேலையை முடித்தன என்று நினைக்கிறேன். தண்டவாள வேலை பார்த்த நம் புத்தி அப்படித்தானே நினைக்கும். இப்போது ஏரி வற்றிக்கொண்டு வருகிறது. கரையில் மணல் என்று நினைத்து மிதித்தால் நொறுங்குவது அத்தனையும் மீன் முள்ளும், கப்பல் அடியில் ஒட்டுகிற பார்னக்கிள் ஓடும். மீன் பெரும்பாலும் நம் ஜிலேபிதான்.

தென்கிழக்குக் கரைப் பக்கம் நைலண்ட் ஊருக்குப் பக்கத்தில்தான் சேற்றுக் கூம்புகள். தூரத்தில் கறையான் புற்று மாதிரி தெரிந்தது. கிட்டப் போனால் ஆள் உயரத்துக்கும் மேலே சாம்பல் நிறக் கூம்புகள், உச்சியில் ஓட்டை. உள்ளே எட்டிப் பார்த்தால் ஆடி மாதம் அம்மன் கோயில் அண்டாவில் கூழ் கொதிக்கிறதே, அதே பதம், அதே சத்தம். 'ப்ளக்' என்று ஒரு குமிழி உடைந்து ஒரு கரண்டிச் சேறு விளிம்பில் வழிகிறது. கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறது, மறுபடியும் 'ப்ளக்'. இப்படி வழிந்து வழிந்துதான் கூம்பு வளர்கிறது. என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பிவிட்டாள். "பூமாதேவி கூழ் காய்ச்சுகிறாள்" என்றாள். மகனுக்குச் சிரிப்பு. எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. பலுசிஸ்தானத்தில் சந்திரகூப் என்கிற சேற்று எரிமலையில் ஏறி, வாயில் தேங்காய் போட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் இங்குலாஜ் மாதா கோயிலுக்குப் போகிறார்கள். இவள் கையில் தேங்காய் இல்லாதது ஒன்றுதான் குறை.

அடுத்துதான் நான் எதிர்பார்க்காதது. வழிந்து கிடந்த சேற்றைப் பயந்து பயந்து விரலால் தொட்டேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். அங்கே சில குட்டைகளில் சூடு அதிகம், தொடக்கூடாது. ஆனால் பாதிக்கு மேல் கொதி என்று நாம் நினைப்பது கொதியே இல்லை. கீழேயிருந்து வாயு வந்து சேற்றைத் தள்ளிக்கொண்டு வெளியேறுகிறது. சோடா பாட்டிலைத் திறந்தால் பொங்குகிறதே, அது கொதிக்கிறதா என்ன? வாயுவும் சோடாவில் அடைக்கிற அதே கரியமில வாயுதான்.

அது எங்கிருந்து வருகிறது என்று மகன் காரில் விளக்கிக்கொண்டே வந்தான். அந்த இடத்தில் பூமியின் ஓடு இரண்டு பக்கமும் இழுபட்டு மெலிந்துபோயிருக்கிறது. சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் தென்முனையே அந்த ஏரியின் கரையோரம்தான். மெலிந்த இடத்தில் உள்சூடு மேலே ஏறுகிறது. மேலே கொலராடோ ஆறு காலம் காலமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல், கிலோமீட்டர் கணக்கில் ஆழம். வண்டலில் இருக்கிற சுண்ணாம்பு அந்தச் சூட்டில் வெந்து கரியமில வாயுவை விடுகிறது. நம் ஊர்ச் சுண்ணாம்புக் காளவாயில் நடப்பதும் அதுதானே, அங்கே காளவாய் தரைக்கு அடியில் இருக்கிறது. ஒரு காலத்தில் அந்த வாயுவைக் கிணறு தோண்டி எடுத்து உலர்பனிக்கட்டி செய்து விற்றிருக்கிறார்கள், 1954 வரைக்கும். அடியில் நெருப்பு, மேலே ஐஸ் வியாபாரம்! இப்போது அதே உள்சூட்டில் சுற்றிலும் பத்து மின் நிலையங்களுக்கு மேல் ஓடுகின்றன. வெந்நீரோடு வருகிற லித்தியத்தைப் பிரித்தெடுக்கிற பேச்சும் நடக்கிறது.

எல்லா ஊரிலும் இதே கதை இல்லையாம். யெல்லோஸ்டோனில் உண்மையாகவே கொதிக்கிறது. அங்கே அமிலம் பாறையைத் தின்று சேறாக்குகிறது. அஜர்பைஜானில் கக்குவது எரிவாயு, சில சமயம் தீயும் பிடித்துக்கொள்ளும். நம் நாட்டில் பார்க்க வேண்டுமென்றால் அந்தமானில் பாராடாங் தீவுக்குப் போக வேண்டும். நகரி மலையைச் சுற்றிலும் பழைய கெட்டிப் பாறை. இங்கே அந்தப் பயம் இல்லை.

சரி, நம் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கூம்புகளுக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு சேற்று ஊற்று பல வருஷமாகச் சும்மா கிடந்தது. 2016 வாக்கில் அது நகர ஆரம்பித்தது. ஊற்றே நகர்ந்தது மாப்ளே, சேறு வழிந்து பரவியதைச் சொல்லவில்லை. முன்பக்கத்து மண்ணைக் கரைத்துத் தின்றுகொண்டே, பின்னால் பள்ளத்தை விட்டுவிட்டு, பெரிய குட்டை ஒன்று ஊர்ந்து வருகிறது. எந்தப் பக்கம் தெரியுமா? நேராக யூனியன் பசிபிக் ரயில் லைனைப் பார்த்து. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நெடுஞ்சாலை, எண்ணெய்க் குழாய், தொலைபேசிக் கேபிள் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. 2018இல் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) நிர்வாகம் அவசரநிலை அறிவித்தது. ரயில்வேக்காரர்கள் இரும்புத் தகடும் பாறையுமாக 75 அடி ஆழத்துக்குச் சுவர் இறக்கினார்கள். 75 அடி! நாம் மண் சரியாமல் தாங்குகிற ஒரு ரீட்டெயினிங் வாலுக்கு எஸ்டிமேட் சாங்ஷன் வாங்க எத்தனை நடை நடந்திருப்போம். அந்த வருஷம் அக்டோபரிலேயே சேறு சுவருக்கு அடியில் புகுந்து இந்தப் பக்கம் வந்துவிட்டது. அப்புறம் என்ன, ஊற்றுக்கு வழி விட்டு ஒதுங்கி வேறு லைன் போட்டார்கள். நெடுஞ்சாலையையும் ஒதுக்கித்தான் போட்டார்கள். இத்தனைக்கும் அந்தச் சேற்றின் சூடு 27 டிகிரிதான், நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் அளவு.

நாங்கள் சாலையோரம் நின்றுதான் பார்த்தோம், கிட்டப் போக விடவில்லை. பழுப்புக் குட்டை, நடுவில் ஓயாத குமிழி, அழுகிய முட்டை நாற்றம். அந்த நேரம் ஒரு கூட்ஸ் வந்தது. எண்ண ஆரம்பித்து நூறு வேகனோடு விட்டுவிட்டேன். காஷன் ஆர்டரில் போகிற மாதிரி மெதுவாகத்தான் போனது. எனக்கு உடனே ஞாபகம் வந்தது நம் செக்‌ஷனில் ஏரிக்கரை வளைவு தாண்டி இருந்த அந்த மண்கரைதான். ஒவ்வொரு ஐப்பசியிலும் அமுங்கும், ராத்திரியோடு ராத்திரியாக ஜல்லி கொட்டித் தண்டவாளத்துக்கு அடியில் இடித்து இறுக்குவோம், கார்த்திகையில் மறுபடியும் அமுங்கும். அடியில் ஏதோ பேய் வாய் திறந்து ஜல்லி தின்கிறது என்று கேங்மேன்கள் சொல்வார்களே. நீயும் நானும் டார்ச்சோடு கரையில் குந்தி, முதல் வண்டி தாண்டுகிற வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த ராத்திரிகள் எத்தனை! கண்ணுக்குத் தெரியாத எவனோ ஒரு அமெரிக்கக் கேங்மேன் மேல் எனக்குத் திடீரென்று பாசம் வந்துவிட்டது. மகனிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

உங்கள் கேரளத்துப் பக்கம் 2018 மழைக்கு அப்புறம் மலையடிவாரத்தில் வீடுகள் விரிசல் விட்டு இறங்கியதை டிவியில் பார்த்தது ஞாபகம் இருக்கிறதா? அது வேறு சங்கதி, மண்ணுக்குள் தண்ணீர் குழாய் மாதிரி அரித்துக்கொண்டு போவது. ஆனாலும் உன் வீட்டுக் கொல்லைச் சரிவை ஒருமுறை நடந்து பார்.

இப்போது கணுக்கால். கூம்புகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது மகன் சொன்ன பாதையை விட்டு, படம் எடுக்கிற ஆசையில் ஒரு பொருக்குத் தரையில் கால் வைத்தேன். அப்பளம் உடைகிற சத்தம். முழங்கால் வரை சேறு, செருப்பு உள்ளேயே போய்விட்டது. வெளியே இழுத்ததில் கால் பிசகிக்கொண்டது. நல்லவேளை, சூடான குட்டை இல்லை. அங்கே மாத்திரையும் பெல்ட்டும் கொடுத்து அனுப்பினார்கள், வலி போகவில்லை. ஊருக்கு வந்து நேராக எலும்புக் கட்டுக்குப் பேர் போன புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டேன். அங்கே காத்திருந்த ஒரு அம்மாள் கதையைக் கேட்டுவிட்டு, "புரத சூட்டானிக்கி அமெரிக்கா போயினாரா?" என்றாள், சேறு பார்க்கவா அமெரிக்கா போனீர்கள் என்று. மனைவி பத்து நாளாக அதையே சொல்லிக் காட்டுகிறாள்.

நாளை இரண்டாவது கட்டு. நீயும் திருப்பதி வண்டியில் ஏறி வந்து சேர். உன் முழங்காலையும் அப்படியே காட்டிவிடலாம். வரும்போது நேந்திரங்காய் சிப்ஸ் ஒரு கிலோ, தேங்காய் எண்ணெயில் பொரித்தது.

உன்,
மச்சான்